ஃபைபர் வீட்டுக்குள் வந்த பிறகு: கணினிகளை முறையாக இணைப்பது எப்படி?

கேள்வி இது: வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) வேகத் திட்டத்தில் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறது, கீழ்த்தளத்துக் கூடத்தில் பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது, அதன் அருகில் கம்பியில் இணைத்த மடிக்கணினியில் முழு வேகம் வருகிறது. ஆனால் சுவருக்குள் முன்பே போடப்பட்டிருந்த கம்பி வழியாக இணைத்த மாடி மேசைக் கணினியில் வேகம் 94க்கு மேல் ஒருபோதும் ஏறுவதில்லை. வேறோர் அறையில் வைஃபையில் இயங்கும் இன்னொரு மேசைக் கணினியில் காலையில் ஒரு வேகம், மாலையில் ஒரு வேகம். நிறுவனத்திடம் புகார் செய்வதா, ரூட்டரை மாற்றுவதா?

இரண்டும் வேண்டியதில்லை. கூடத்தில் முழு வேகம் வருகிறது என்றால் நிறுவனம் தர வேண்டியது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மாடிக் கணினியின் 94 என்ற எண், சுவருக்குள் போகும் கேபிளின் நான்கு கம்பி ஜோடிகளில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்பதை ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடுகிறது. மூன்றாவது கணினி மேசையை விட்டு நகராத கணினி என்பதால், அதற்கும் கம்பி இழுப்பதே நிலையான தீர்வு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை, ஒளி வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து கணினி வரை ஒவ்வொரு கட்டமாக விளக்குகிறேன். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே சோதிக்க முடியும் என்பதுதான் இதில் நமக்குள்ள பெரிய வசதி. அந்த வரிசையில் சோதிக்காமல் பொருள்களை மாற்றத் தொடங்குகிறவர்கள் பணத்தைச் செலவழித்துவிட்டுப் பழைய வேகத்திலேயே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளியிலிருந்து வரும் மெல்லிய கேபிளுக்குள் இருப்பது ஒற்றைக் கண்ணாடி இழை. அதன் விட்டம் 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதிலும் ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான் மட்டுமே. கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை வெகுதூரம் அனுப்ப முடியும் என்று 1966இல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதியபோது, கிலோமீட்டருக்கு 20 டெசிபல் என்ற அளவுக்கு இழப்பு குறைந்தாலே போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1970இல் கார்னிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 17 டெசிபலை எட்டினார்கள். இன்றைய இழையில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், அது 0.2 டெசிபல் அளவுதான். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: இழையின் நீளத்தால் ஏற்படும் இழப்பு இவ்வளவு குறைவாக இருப்பதால், வீட்டு இணைப்பில் ஒளி பலவீனமடைந்தால் காரணம் பெரும்பாலும் தூரமாக இருப்பதில்லை. அழுக்கான முனை, அளவுக்கு மீறிய வளைவு, சரியாகப் பொருந்தாத கனெக்டர் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றில் பல வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன.

வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் மிகப் பரவலானது ஜிபான் என்ற முறை. நிறுவனத்தின் கருவியிலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளியை, மின்சாரமே தேவைப்படாத ஒரு ஸ்ப்ளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடும். வீட்டை நோக்கி வரும் தரவு 1490 நானோமீட்டர் ஒளியிலும், வீட்டிலிருந்து போகும் தரவு 1310 நானோமீட்டர் ஒளியிலும், ஒரே இழையில் எதிரெதிர்த் திசைகளில் பயணம் செய்கின்றன. வரும் திசையில் மொத்தம் 2.488 ஜிகாபிட், போகும் திசையில் 1.244 ஜிகாபிட், அந்த ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீடுகளுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. எனவே மாலை நேரத்தில் வேகம் குறைவது நிறுவனத்தின் பக்கத்திலிருந்தும் நேரலாம். ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குவதும் அதே மாலை நேரத்தில்தான். இரண்டில் எது காரணம் என்பதை வைஃபையில் அளந்து கண்டுபிடிக்கவே முடியாது. கம்பியில் அளந்தால் ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

ஒளியை மின்குறிப்பாக மாற்றும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அதில் வந்து செருகும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை நிறக் கேபிளின் முனையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பச்சை நிறச் சதுர கனெக்டராக இருக்கும். அதன் நடுவில் வெண்மையான பீங்கான் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், கண்ணாடி இழை முடிகிறது. பச்சை நிற வகையில் அந்த நுனியை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பார்கள்; திரும்பிப் பிரதிபலிக்கும் ஒளி வந்த வழியே போகாமல் விலகிவிட வேண்டும் என்பதற்காக. நீல நிற வகையில் சாய்வு கிடையாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் பச்சையை நீலத்தில் செருகவும் முடியும். ஆனால் நுனிகள் ஒன்றோடொன்று முழுமையாகப் படியாமல் இடையில் காற்று நிற்கும், ஒளியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும், நுனியும் கீறல்படக்கூடும். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம் என்பதில் விதிவிலக்கு வேண்டாம்.

கனெக்டரைக் கழற்றினால் நுனியில் விரல் படக்கூடாது. உடனே அதன் மூடியைப் போட வேண்டும். 9 மைக்ரான் அகலமுள்ள பாதையை மறைக்க ஒரு தூசித் துகளே போதும். வாயால் ஊதிச் சுத்தம் செய்வது நிலைமையை இன்னும் மோசமாக்கும்; மூச்சின் ஈரம் நுனியில் படிந்துவிடும். துடைக்க வேண்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நாரற்ற துணியும் தேவை. இழையின் நுனியைக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர் என்பதால், வெளிச்சம் தெரியவில்லை என்பதை ஒளி இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

வளைவைப் பொறுத்தவரை, வீட்டு இணைப்புக்கென்றே தயாரிக்கப்படும் இழைகள் 7.5 அல்லது 10 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும். பழைய வகை இழைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். உங்கள் வீட்டில் எந்த வகை என்று தெரியாத நிலையில், உள்ளங்கை அகல வட்டத்துக்குக் குறையாமல் சுருட்டி வைப்பது பாதுகாப்பானது. மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்குவது, ஆணியில் மாட்டி மடித்துத் தொங்கவிடுவது, மிச்சக் கேபிளைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுவது ஆகியவை கேபிளைத் துண்டிக்காமலேயே ஒளியைக் கசியவிடும்.

ஒளி சரியாக வருகிறதா என்பதை ஓஎன்டியின் விளக்குகளே சொல்லும். எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வரவில்லை. பான் என்ற விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் கருவியோடு பதிவு முடியவில்லை. பான் நிலையாக எரிந்தும் இணைய விளக்கு எரியவில்லை என்றால், இழையில் குறையில்லை. கணக்கு, கடவுச்சொல், அமைப்பு போன்றவற்றில்தான் தேட வேண்டும். எண்ணாகவே பார்க்க விரும்பினால், பல ஓஎன்டிகளின் நிர்வாகப் பக்கத்தில் பெறப்படும் ஒளித்திறன் டெசிபல் மில்லிவாட் அளவில் காட்டப்படும். ஜிபானின் வழக்கமான வகையில் ஏற்கத்தக்க எல்லை மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை. மைனஸ் 20 வாக்கில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால், இன்று இணைப்பு இயங்கினாலும் நாளைக்கு ஒரு சிறு அசைவில் அறுந்துவிடும். இணைப்பு போட்ட அன்றே இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மூன்று டெசிபல் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள்.

இதற்கு அடுத்தது ரூட்டர். சில இடங்களில் ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பெட்டி. சில இடங்களில் ஓஎன்டி தனி, அதிலிருந்து ஒரு ஈதர்நெட் கேபிள் (கணினிகளை இணைக்கும் செம்புக் கேபிள்) ரூட்டரின் வான் போர்ட்டுக்கு, அதாவது இணையம் உள்ளே வரும் துளைக்கு, போகும். எந்த முறையானாலும், இணையத்தில் நுழைவதற்குச் சில இடங்களில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ முறை உண்டு. சில இடங்களில் முகவரி தானாகவே வந்துவிடும். சில நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட விலான் எண்ணையும் (ஒரே கம்பியில் போகும் தரவைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கும் எண்) கேட்கும். சொந்த ரூட்டர் வாங்கி மாட்ட நினைக்கிறவர்கள் இந்த மூன்று விவரங்களையும் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிபிபிஓஇ என்றால் தரவு துண்டு துண்டாகப் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் அந்த முறைக்கே போய்விடுவதால், எம்டியு அளவு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1500க்குப் பதிலாக 1492 என்று இருக்க வேண்டும். சில இணையதளங்கள் மட்டும் பாதியில் நின்றுபோகும் விசித்திரமான குறைக்குப் பின்னால் பலமுறை இந்த எண் இருக்கும்.

நிறுவனம் தந்த பெட்டியே ரூட்டராக இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் பின்னால் இன்னொரு ரூட்டரை மாட்டினால், வீட்டுக்குள் உள்ள முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கும். சாதாரண உலாவலுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் ஒரு ரூட்டரில் உள்ள கணினிக்கு மற்றதில் உள்ள பிரிண்டர் தெரியாது, வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு இணைவதும் சிக்கலாகும். நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டுவிட்டுத் தரவை அப்படியே கடத்தும் முறை) மாற்றச் சொல்லலாம். அது முடியாது என்றால், இரண்டாவது ரூட்டரை, முகவரி மாற்றாமல் வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் இயக்கலாம். எல்லாக் கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும் என்பதே இதில் குறிக்கோள்.

இப்போது மாடிக் கணினியின் 94. ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அவற்றில் இரண்டு ஜோடிகள் போதும். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும், இரண்டு முனைகளிலும் உள்ள கருவிகள் பேசிப் பார்த்து, ஜிகாபிட் முடியாது என்று தெரிந்துகொண்டு, 100க்கு இறங்கி அங்கே நிலையாக நின்றுவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. இணைப்பு ஒருமுறைகூட அறுந்து போகாது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அந்த 100இல் பொட்டலத் தலைப்புகளுக்கும் இடைவெளிகளுக்கும் போக, வேகச் சோதனையில் மிஞ்சுவது 94 அல்லது 95. ஜிகாபிட் இணைப்பில் இதே கணக்குப்படி 940 அளவு வரும். வேகம் ஏற்ற இறக்கமில்லாமல் 94இல் நிற்பதைப் பார்த்தவுடனேயே கம்பியைச் சந்தேகிப்பதற்கு இதுவே காரணம். நிறுவனத்தின் நெரிசல் இவ்வளவு ஒழுங்கான எண்ணைத் தராது.

உறுதிசெய்வது எளிது. விண்டோஸில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் 100/100 என்றோ 1000/1000 என்றோ காட்டும். 100 என்று வந்தால், அந்தக் கணினியையே தூக்கிக்கொண்டு போய் ரூட்டரின் அருகில் ஒரு நல்ல குட்டைக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். 1000 என்று மாறினால் குற்றம் சுவருக்குள் போகும் கேபிளிலோ அதன் முனைகளிலோ இருக்கிறது. அங்கேயும் 100 என்றால், கணினியின் நெட்வொர்க் கார்டையும் ரூட்டரின் போர்ட்டையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த ரூட்டர்களில் எல்லா லான் போர்ட்டுகளும் (கணினிகளை இணைக்கும் துளைகள்) 100 வேகத்தோடு நின்றுவிடுவது உண்டு, சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட்டாக இருக்கும். மேசையையும் சுவரையும் இணைக்கும் குட்டைக் கேபிளையும் மறந்துவிடக் கூடாது. பழைய பெட்டியிலிருந்து எடுத்த கேபிளில் நான்கு கம்பிகள் மட்டுமே இருந்த வீடுகளும் உண்டு.

கேபிளே குற்றவாளி என்று தெரிந்தால், பெரும்பாலும் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. நடுவில் அறுவதை விட முனையில் விடுபடுவதே அதிகம். ஒளி ஊடுருவும் அந்தப் பிளாஸ்டிக் முனையை நல்ல வெளிச்சத்தில் வைத்து, பூட்டும் நாக்கு கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. 100 வேகத்துக்குப் பயன்படுவது ஆரஞ்சு, பச்சை ஜோடிகள். எனவே உங்கள் நிலையில் நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. அவற்றில் ஏதாவது ஒரு கம்பி நுனி வரை எட்டாமல் அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருப்பதைக் கண்ணாலேயே காண முடியும். சுவரில் உள்ள சாக்கெட்டின் முகப்பைக் கழற்றினால், அங்கேயும் இதே போல் ஒரு கம்பி பள்ளத்துக்குள் சரியாக அழுத்தப்படாமல் மேலே நிற்கலாம். முனையை வெட்டிவிட்டுப் புதிய முனையை கிரிம்ப் செய்வது (கருவியால் அழுத்திப் பொருத்துவது) தெரிந்தவர் கையில் சில நிமிட வேலை. இரண்டு முனைகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஜோடி முறுக்கை முனைக்குள் போகும் வரை முடிந்தவரை பிரிக்காமல் வைக்க வேண்டும். எட்டு விளக்குகள் வரிசையாக எரியும் எளிய கேபிள் டெஸ்டர் இருந்தால் எந்தக் கம்பி விடுபட்டது என்பது உடனே தெரியும்.

புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தால், கேட் 5இ வகையே ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுசெல்லும்; கேட் 6 வாங்கினால் குறைந்த தூரத்துக்கு 10 ஜிகாபிட்டும் சாத்தியம். வீட்டுக்கு இவற்றில் எதுவும் போதும். வகையின் எண்ணைவிட முக்கியமானது, உள்ளே முழுச் செம்பு இருக்கிறதா என்பதுதான். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிள்கள் விலை குறைவாகவும் எடை குறைவாகவும் இருக்கும். அவை வளைவில் எளிதாக ஒடியும், முனையில் நாளடைவில் தளரும். சுவருக்குள் ஒருமுறை போட்டு மறந்துவிட வேண்டிய பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மின்கம்பி போகும் குழாய்க்குள்ளேயே இதையும் நுழைக்காதீர்கள். பாதுகாப்புக் காரணத்துக்காகவே தனிக் குழாய் வேண்டும். ஒரு அறையில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் ஒரு கேபிளும், அதைப் பல கணினிகளுக்குப் பங்கிடும் ஒரு சிறிய ஜிகாபிட் ஸ்விட்ச்சும் போதும்; ஒவ்வொரு கணினிக்கும் ரூட்டரிலிருந்து தனித்தனிக் கேபிள் தேவையில்லை. இரண்டு தனிக் கட்டடங்களை இணைக்க வேண்டியிருந்தால் மட்டும் செம்பைத் தவிர்த்து இழையையே போடுங்கள். செம்புக் கேபிள் மின்னலின் தாக்கத்தை ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகும், கண்ணாடி கொண்டுபோகாது.

மூன்றாவது கணினிக்கு வருவோம். வைஃபையை நான் குறை சொல்லவில்லை. கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வைஃபை என்பது ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே பேசக்கூடிய ஊடகம். மற்றவை காத்திருக்க வேண்டும், அந்த அலைவரிசையில் இருக்கும் பக்கத்து வீட்டுக் கருவிகளுக்காகவும் காத்திருக்க வேண்டும். இணைப்பு வேகம் 866 என்று கணினி காட்டினாலும் உண்மையில் கிடைப்பது அதில் ஏறத்தாழ பாதிதான். சுவர் குறுக்கிட்டால் அதுவும் இறங்கும். நாளெல்லாம் ஒரே மேசையில் இருந்து, காணொளிக் கூட்டங்களிலும் பெரிய கோப்புகளிலும் வேலை செய்யும் கணினியை இந்த வரிசையில் நிற்க வைப்பதற்குக் காரணமே இல்லை. அதைக் கம்பிக்கு மாற்றினால் அந்தக் கணினி பலன் பெறுவதோடு, வைஃபையில் மிச்சமிருக்கும் கருவிகளுக்கும் இடம் கிடைக்கும்.

கம்பி இழுக்க வழியே இல்லாத வீடுகளில், முதலில் ரூட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னாலும், இரும்பு அலமாரிக்குள்ளும், தரையோரத்திலும் வைக்கப்பட்ட ரூட்டரை நெஞ்சுயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் வைப்பதே பல வீடுகளில் புது ரூட்டர் வாங்குவதற்கு இணையான பலனைத் தரும். கணினியை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். அது எட்டாத தூரமாக இருந்தால்தான் 2.4. அந்த 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று படியாத அலைவரிசைகள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. இடையில் உள்ள 3, 4 போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்தாரோடும் மோத வேண்டியிருக்கும். மெஷ் (வீடெங்கும் வைஃபையைப் பரப்பும் பெட்டிகளின் தொகுப்பு) வாங்குவதானால், அதன் துணைப் பெட்டியை வேகம் குறையும் அறையிலேயே வைக்காமல், முதன்மைப் பெட்டியின் சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் ஒரு ஈதர்நெட் கேபிள் கொடுக்க முடிந்தால் அதற்கு ஈடில்லை.

அளக்கும் முறை பற்றி ஒரு சொல். நிறுவனங்கள் வேகத்தை பிட்டில் சொல்கின்றன. பதிவிறக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பைட்டில் காட்டுகின்றன. 300 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 37.5 மெகாபைட், திரையில் 36 என்று கண்டு பதற வேண்டாம். அளக்கும்போது மற்றக் கருவிகளின் பதிவிறக்கங்களை நிறுத்திவிட்டு, கம்பியில், வெவ்வேறு நேரங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேகம் சரியாக இருந்தும் கூட்டங்களில் குரல் தடுமாறுகிறது என்றால், ஒரு பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டே பிங் நேரத்தை (ஒரு பொட்டலம் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். 10 மில்லிநொடியில் இருந்தது 200, 300 என்று ஏறினால், ரூட்டரின் வரிசையில் பொட்டலங்கள் தேங்குகின்றன. இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் என்ற வசதி உள்ள ரூட்டரில் வேகத்தின் உச்சத்தைத் திட்டத்தின் அளவைவிடச் சற்றுக் குறைத்து அமைத்தால் இந்தத் தேக்கம் பெருமளவு மறையும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை அணுக வேண்டியவர்கள் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் முகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். ரூட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்க வேண்டும், அல்லது ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) வழியாகவோ விபிஎன் (மறைகுறியாக்கிய தனிப் பாதை) வழியாகவோ போக வேண்டும். ஐபிவி6 இருந்தால் வீட்டின் ஒவ்வொரு கணினிக்கும் உலகம் அறியும் முகவரி கிடைக்கும் என்பதால், ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயக்கத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இணைப்பு போட்ட அன்றே முடிக்க வேண்டிய சில பாதுகாப்பு வேலைகளும் உண்டு. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது, பலர் பின்னதை மட்டும் மாற்றிவிட்டு முன்னதைத் தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையை வையுங்கள், கடவுச்சொல் இல்லாமல் எளிதாக இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள், வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், ஃபர்ம்வேரை (ரூட்டருக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். கேமரா, விளக்கு போன்ற கருவிகளை விருந்தினர் வலையமைப்பில் தனியாக வைத்தால், அவற்றில் ஓட்டை இருந்தாலும் கணினிகள் வரை அது வராது.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். கண்ணாடி இழை மின்சாரம் கொண்டுவராது. எனவே மின்தடையில் ஓஎன்டி அணைந்தால் இணைப்பும் அணையும், அதில் இணைத்திருக்கும் தொலைபேசியும் பேசாது. ஓஎன்டியும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை என்பதால், அதே வோல்ட்டைத் தரும் சிறிய யுபிஎஸ் ஒன்றே இரண்டையும் சில மணிநேரம் தாங்கும். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட் ஒன்றுதானா என்று பார்த்து, ஆம்பியர் அளவுகளைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஸ்விட்ச் இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வரிசை எனவே இது: மாடிக் கேபிளின் இரு முனைகளையும் பார்த்து, நீல, பழுப்பு ஜோடிகளைச் சரிசெய்து, இணைப்பு வேகம் 1000 என்று மாறிய பிறகு அளந்து பாருங்கள், பிறகு மூன்றாவது கணினிக்குக் கேபிள் இழுங்கள். இவற்றுக்குப் பிறகும் மாலை நேரத்தில் கம்பியிலேயே வேகம் விழுந்தால், அப்போது நிறுவனத்தை அழையுங்கள். ஓஎன்டியின் ஒளித்திறன் எண், கம்பியில் அளந்த வேகங்கள், அவற்றின் தேதியும் நேரமும், விளக்குகளின் நிலை ஆகிய விவரங்களோடு பேசினால், பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்ற முதல் பதிலைத் தாண்டி, இழையைப் பார்க்க ஆள் அனுப்பும் கட்டத்துக்குப் பேச்சு விரைவாகப் போகும்.